புகையில்லாத கரி

ஊர் திரும்பி நாலு மாதமாகிறது. இங்கே பினாங்கில், டத்தோ கிராமாட் பசாரில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மூணு மாசமும் படகுலயா இருந்தீங்க? குளிருக்கு என்ன பண்ணீங்க?" மீன் வாங்க நிற்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மாவுக்கு இருந்த தலைவலி. அது இதில் எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

என் சின்ன மகள் இங்கிலாந்தில் பாத் நகரில் தாதியாக இருக்கிறாள். மருமகன் பேராக் மாநிலத்துத் தைப்பிங்காரர், கம்ப்யூட்டர் வேலை. அங்கே வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் இரண்டு பேரும் ஒரு பழைய படகை வாங்கி அதிலேயே குடியேறிவிட்டார்கள். ஃபோனில் சொன்னபோது எனக்கு அழுகையே வந்தது. படித்த பிள்ளைகள், ஒரு வீடு இல்லாமல் தண்ணீரில் கிடக்கிறார்களே என்று. 2023 நவம்பர் கடைசியில் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் மனசு ஆறியது.

அது கென்னட் அண்ட் ஏவன் கால்வாய். ரெடிங் ஊரிலிருந்து பிரிஸ்டல் வரை 87 மைல். 1810-ல் கட்டி முடித்தது. ரயில் வந்ததும் வியாபாரம் போய், கால்வாய் தூர்ந்து, பல இடங்களில் புல் முளைத்துக் கிடந்ததாம். ஊர் மக்கள் பல வருஷம் மண்ணை வாரிச் சரிசெய்து 1990-ல்தான் மறுபடி முழுவதும் திறந்தார்கள். சொந்தமாகப் படகு கட்டும் இடம் இல்லாதவர்கள் 14 நாளுக்கு ஒரு முறை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். மகள் வீட்டின் விலாசம் நான் இருந்த மூன்று மாதத்தில் ஆறு தடவை மாறியது.

படகு 57 அடி நீளம். அகலம் ஏழடிகூட இல்லை. உள்ளே சுவர்ப்பலகை போக ஆறடி மிஞ்சும். அங்கங்கே கால்வாயில் தண்ணீரை ஏற்றி இறக்கும் மதகுகளைப் பல ஊர்களில் ஏழடி அகலத்தில் கட்டிவிட்டார்களாம், அதற்குள் நுழைய வேண்டுமென்றால் படகும் ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் கடைவீடுகளுக்கு முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை இன்னும் ஓர் அடி அகலமாக்கி, இரண்டு பக்கமும் சுவர் வைத்து, ஒரு கோடியில் கட்டில், நடுவில் சமையல், மறுகோடியில் உட்காரும் இடம். அவ்வளவுதான் வீடு. வெளிச்சுவர் முழுக்க இரும்பு. இரும்புக்கு அந்தப் பக்கம் கால்வாய்த் தண்ணீர்.

உட்காரும் இடத்தின் மூலையில், ஓடு பதித்த சின்ன மேடைமேல் அந்த அடுப்பு நின்றது. வார்ப்பிரும்பில் செய்த டென்மார்க் அடுப்பு, மோர்சோ கம்பெனியுடையது. முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. முன்னால் கண்ணாடிக் கதவு, பக்கவாட்டில் ஓர் அணில் உருவம் வார்த்திருந்தது. அந்த மாடலுக்குப் பெயரே அணில்தான். முதல் நாள் ராத்திரி, விமானத்தில் வீங்கிய காலோடு அதன் எதிரில் உட்கார்ந்தபோது, வெளியே கூரையில் பனி படிந்திருக்க, உள்ளே நான் சுவெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்த அணிலின் முதுகைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. தொட்டிருந்தால் விரல் வெந்திருக்கும்.

நெருப்பு எனக்குப் புதுசில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை செய்தவள் என்றுதான் இங்கே பலருக்கு என்னைத் தெரியும். அதற்கு முன்னால் நான் ஆப்பக்காரம்மா மகள். அம்மா விடியற்காலை நாலு மணிக்குக் கரியடுப்பு மூட்டுவார். எனக்கு ஏழு வயதிலிருந்து விசிறுவது என் வேலை. ஆப்பத்துக்கு மேலேயும் கீழேயும் தணல் வேண்டும். மூடியின்மேல் வைக்கிற கங்கு ஒன்று கூடினாலும் ஓரம் கருகிவிடும். கங்கின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வார் அம்மா. அந்த வளர்ப்பில் வந்தவளுக்கு இந்தச் சின்ன இரும்புப்பெட்டி ஒரு பொருட்டா என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, பிள்ளைகள் எழுந்திருக்கும் முன் நானே மூட்டிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். சுள்ளி நன்றாகப் பிடித்தது. மேலே கரியைப் போட்டேன். மேல் துவாரத்தை அகலத் திறந்துவைத்தேன். பத்து நிமிஷத்தில் சுள்ளி எரிந்து முடிந்தது, கரி கறுப்பாகவே கிடந்தது. இரண்டாவது முறையும் அப்படித்தான். மருமகன் எழுந்து வந்து பக்கத்தில் குந்தினார்.

"அத்தை, விறகுன்னா காத்து மேலேருந்து வரணும். கரின்னா கீழேருந்து வரணும். இதைத் திறங்க."

கீழே, சாம்பல் தட்டு இருக்கும் கதவில் ஒரு திருகு இருந்தது. அதைத் திறந்தார். கம்பித்தட்டுக்கு அடியிலிருந்து காற்று ஏறியது. நாலே நிமிஷத்தில் கரியின் அடிவயிறு சிவந்தது. அம்மாவின் அடுப்பும் அப்படித்தானே! வாய் வைத்த மண்ணடுப்பில் நான் கீழே இருக்கும் வாயில்தான் விசிறுவேன். ஐம்பது வருஷம் முன்னால் கை செய்ததை மூளை தெரிந்துவைத்திருக்கவில்லை.

அவர்கள் எரிப்பது மரக்கரி அல்ல. நிலக்கரித் தூளை, பெரும்பாலும் ஆந்த்ரசைட் என்கிற கடினமான வகையை, பசை சேர்த்து அழுத்தி, முட்டை வடிவத்தில் உருட்டியது. புகையில்லாக் கரி என்பது அதன் பெயர். 25 கிலோ மூட்டையாக வரும். கடைக்குப் போக வேண்டியதில்லை. கரிப்படகு ஒன்று கால்வாய் நெடுகப் போய் ஒவ்வொரு படகாக நின்று கரியும் டீசலும் கேஸ் சிலிண்டரும் கொடுக்கும். பழைய மாதிரிப் புகை கக்கும் வீட்டு நிலக்கரியை இங்கிலாந்தில் மூட்டையாக விற்க 2021 மே மாதத்திலிருந்து தடை. 2023 மே மாதத்தில் சில்லறையாகக் கொட்டி விற்பதும் நின்றது. ஈர விறகைச் சின்ன அளவில் விற்பதற்கும் தடை. ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மருமகன் விறகில் இரண்டு முள் குத்தி ஈரம் பார்க்கும் ஒரு கருவி வைத்திருந்தார். 1952 டிசம்பரில் லண்டனை நிலக்கரிப் புகை ஐந்து நாள் மூடி ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகு, 1956-ல் போட்ட சட்டத்திலிருந்து தொடங்கிய கட்டுப்பாடுகள் இவை. சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்து கொம்தார் கட்டடமே கண்ணுக்குத் தெரியாமல் போன வருஷங்களைப் பார்த்த எனக்கு, அந்தச் சட்டத்தின் அருமை புரிந்தது.

மருமகன் தைப்பிங் என்றேன் அல்லவா. பக்கத்தில் கோலா செபெத்தாங். 1885-ல் மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து அங்கேதான் போனது. அப்போது அதற்குப் பெயர் போர்ட் வெல்ட். அங்கே மாத்தாங் சதுப்புக் காட்டில் பாக்காவ் மரத்தை முப்பது வருஷம் வளர்த்து வெட்டி, செங்கல்லில் கட்டிய குவிந்த சூளைகளில் அடுக்கி, ஏறக்குறைய ஒரு மாதம் வேகவைத்துக் கரியாக்குகிறார்கள். அம்மா வாங்கிய கரி அங்கிருந்து வந்ததுதான். தட்டினால் கண்ணாடி மாதிரி கிணுங்கும். மருமகன் சின்ன வயதில் பள்ளியிலிருந்து சூளை பார்க்கப் போயிருக்கிறார். நெருப்பு சூளைக்கு வெளியே வாயில் எரியும், உள்ளே இருக்கும் மரம் சூட்டில் வேகுமே தவிரத் தீப்பிடிக்காது. சூளையின் துவாரத்தில் வரும் ஆவியை முகர்ந்தே உள்ளே என்ன நடக்கிறது என்று அங்கே வேலை செய்கிறவர் சொல்லிவிடுவார் என்று அவர் சொன்னபோது, அம்மாவின் கங்கு பார்க்கும் கண் எனக்கு ஞாபகம் வந்தது. படகில் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் பேராக் கரியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். மகள் சிரிப்பாள்.

ராத்திரி முழுக்க நெருப்பை அணையாமல் வைத்திருப்பதுதான் அங்கே வித்தை. காலையில் மறுபடி மூட்டுவது பெரிய விஷயமில்லை; அதற்குள் இரும்பு குளிர்ந்துபோயிருக்கும், குளிர்ந்த இரும்பைச் சூடேற்ற அரை நாளாகும். படுக்கப் போகும் முன் கம்பித்தட்டை ஆட்டும் கோலை நாலு தடவை இழுத்துச் சாம்பலை உதிர்க்க வேண்டும். சாம்பல் தட்டை வெளியே கொட்ட வேண்டும். தட்டு நிரம்பிக் கம்பிகளை முட்டினால் கீழே காற்றோட்டம் இல்லாமல் கம்பியே வெந்து வளைந்துபோகும். பிறகு தணல்மேல் கரியைக் கூம்பாக நிரப்பி, இருபது நிமிஷமாவது கீழ்க்காற்றைத் திறந்துவிட்டு, புதுக்கரி பிடித்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். அதன்பின்தான் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, ஒரு மயிரிழை மட்டும் திறந்துவைப்பது. இந்த இருபது நிமிஷத்தில் யாரும் அவசரப்படக் கூடாது. தூக்கம் கண்ணைச் சொக்கும், ஆனாலும் உட்கார்ந்திருக்க வேண்டும். காலையில் கோலை இழுத்துத் திருகைத் திறந்தால், செத்துக்கிடப்பது போலத் தெரிந்த சாம்பலுக்குள்ளிருந்து சிவப்பு எழும். அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு வாரத்தில் ராத்திரி நெருப்பு என் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

வெளியே கொட்டிய சாம்பலையும் லேசாக நினைக்கக் கூடாது. மூடி போட்ட இரும்பு வாளியில், படகுக்கு வெளியே வைக்க வேண்டும். அதற்குள் மறுநாளும் கங்கு உயிரோடு இருக்கும்.

சூடு ஒரே சீராக இருக்காது. அடுப்பு இருக்கும் முனையில் 26 டிகிரி, கட்டில் இருக்கும் முனையில் 14. தலை வேர்க்கும், பாதம் சில்லிடும். அடுப்பின்மேல் ஒரு சின்ன விசிறி தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்டும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. அடிப்பக்கம் சூடு, மேல்பக்கம் குளிர்ச்சி, அந்த வித்தியாசத்திலேயே கொஞ்சம் மின்சாரம் உண்டாகி மோட்டாரைச் சுற்றும். தொழிற்சாலையில் அத்தனை வருஷம் சின்னச்சின்னப் பாகங்களைக் கையில் எடுத்தவள் நான். அதைக் கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுத்தது.

இட்லி மாவு சொல்ல வேண்டும். பினாங்கில் ராத்திரி அரைத்துவைத்தால் காலையில் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். படகில் சமையல் மேடையில் வைத்த மாவு இரண்டு நாளாகியும் கல் மாதிரிக் கிடந்தது. மூன்றாவது தடவை, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், நேர்ச்சூடு படாமல் துண்டு சுற்றி வைத்தேன். அடுத்த நாள் காலை மூடியைத் திறந்தபோது வந்த அந்தப் புளித்த வாசனை! மகள் இரவு வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, வீட்டு வாசனை," என்றாள். அடுப்பின் மேல்தட்டில் பருப்பு மூன்று மணி நேரம் மெதுவாக வெந்தது. ரசம் அதிலேயே நுரை கூடி வரும். கேஸில் சமைத்தால் ஆவி முழுக்க இரும்பில் படிந்து சுவரிலும் ஜன்னலிலும் நீர் வழியும். மெத்தைக்கு அடியில்கூட ஈரம் கோக்கும். கேஸ் எரியும்போதே நீராவி வரும் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். கரியடுப்பின் ஆவியெல்லாம் புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. அது தரும் சூடு காய்ந்த சூடு. ஈரத்துக்கு மருந்து அதுதான், கூடவே காற்றோட்டம்.

இடையில் ஒன்று. பக்கத்துப் படகில் ஒரு பெரியவர் இருந்தார், எழுபது தாண்டியவர், இருபது வருஷமாகப் படகில் வாழ்கிறவர். ஒரு நாள் எங்கள் புகைக்குழாயைப் பார்த்துவிட்டு, மழைக்கு அதன்மேல் கவிழ்க்கும் கூம்பு மூடி ஒன்று வாங்கச் சொன்னார். அதற்கு அங்கே எல்லாரும் சொல்லும் பெயர் 'கூலி தொப்பி'. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு முகம் மாறிவிட்டது. அவர் கவனித்துவிட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: என் மொழியில் கூலி என்றால் உழைத்தவனுக்குக் கொடுக்கும் காசு, என் தாத்தா கெடாவில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தபோது அந்த ஆளையே அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதற்குப் பிறகு நான் கேட்க அந்தச் சொல்லை அவர் சொல்லவே இல்லை. "குழாய் மூடி" என்றே சொன்னார். நல்ல மனுஷர். அவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜனவரி நடுவில் ஒரு வாரம் கடுங்குளிர். ராத்திரி மைனஸ் ஆறு. கால்வாய் உறைந்து, வாத்துகள் பனிக்கட்டிமேல் வழுக்கி வழுக்கி நடந்தன. முன்கதவின் கீழ்ப்பகுதியில் வரிசையாகச் சின்னத் துவாரங்கள் உண்டு. கூரையிலும் காளான் வடிவில் இரண்டு. அந்தக் கதவுத் துவாரம் வழியாகக் கத்தி மாதிரி காற்று வந்து நேரே என் கணுக்காலில் அடிக்கும். நான் படுப்பது அந்த முனையில்தான். இரண்டு ராத்திரி பொறுத்தேன். மூன்றாவது ராத்திரி பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி அந்தத் துவாரங்களில் திணித்துவிட்டு, முன்னால் செருப்புப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்று தெரியும். தெரிந்தே செய்தேன்.

அந்தக் கடுங்குளிர் வாரம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. அடுப்பு கடகடவென்று எரிந்தது. பிறகு ஒரு புயல் வந்து போனது, குளிர் விட்டது. தைப்பூசத்தன்று நான் நம் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலை நினைத்துக்கொண்டு அடுப்புக்கு எதிரில் விளக்கேற்றிக் கும்பிட்டேன். அது முடிந்து மூன்றாம் நாள், காற்றே அசையாத ராத்திரி. வெளியே பத்து டிகிரி இருக்கும், நம் கணக்கில் குளிர்தான், அங்கே அது இதமான நாள். நான் வழக்கம்போலக் கரியை நிரப்பினேன். புழுக்கமாக இருந்ததால் இருபது நிமிஷம் காத்திருக்கவில்லை. உடனே திருகை மூடிவிட்டுப் படுத்தேன்.

இரண்டே முக்காலுக்கு அலாரம் கத்தியது. காது கிழிகிற சத்தம். எனக்கு அது கனவில் கேட்டது போல இருந்தது. எழ வேண்டும் என்று தெரிகிறது, கால் எழவில்லை. மருமகன் ஓடிவந்து இரண்டு கோடிக் கதவையும் திறந்து, என்னைத் தோளில் தாங்கிக் கரைக்கு இழுத்துவந்தார். அலாரத்தின் சின்னத் திரையில் 118 என்று எண் இருந்ததாம். நான் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். மண்டையை இரண்டு பக்கமும் பிடித்து நெரிப்பது போலத் தலைவலி.

அலாரம் காட்டியது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவை. நிறமில்லை, வாசனையில்லை. கரி போதுமான காற்றில்லாமல் எரியும்போது வருவது. நம் ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. மகள் அப்போதும் தாதிதான். என் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டவில்லை. "இதுல அது தெரியாதும்மா. நல்லா இருக்குன்னுதான் காட்டும். ரத்தம்தான் எடுத்துப் பார்க்கணும்," என்று நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். சில மணி நேரம் முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்தேன். அங்கே ஆள் தங்கும் படகுகளில் அந்த அலாரம் கட்டாயம் என்று 2019 ஏப்ரலில் விதி வந்திருக்கிறது. அந்த விதி போட்டவர்கள் யாரோ, அவர்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் துண்டை நானே எடுத்துக்கொண்டுபோய் மருமகன் கையில் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பக்கத்துப் படகுப் பெரியவர்தான் வந்து எல்லாவற்றையும் ஆராய்ந்து சொன்னார். அவர் சொன்னது எனக்குப் புதுசு. புகைக்குழாய் இழுப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளியே இருக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம். வீட்டுப் புகைக்குழாய் உயரமானது. படகில் பாலத்துக்கு அடியில் போக வேண்டுமே, அதனால் குட்டையானது, இழுப்பு முன்பே குறைவு. மைனஸ் ஆறில் வித்தியாசம் அதிகம், துண்டு திணித்திருந்தும் குழாய் எப்படியோ இழுத்துக்கொண்டது. இதமான, காற்றில்லாத ராத்திரியில், அமுக்கிவைத்த அடுப்பில், குழாய் ஆறிப்போய் இழுக்க வலுவில்லை. உள்ளே வரும் காற்றையும் நான் அடைத்துவிட்டேன். போக வழியில்லாதது வீட்டுக்குள் வந்தது. "குளிர் ராத்திரிக்குப் பயப்படாதே, சூடான ராத்திரிக்குப் பயப்படு," என்றார். அடுப்புக் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். காகிதம் தாராளமாக வந்தது. கதவு இடைவெளியில்லாமல் மூடுவதற்காக அதைச் சுற்றி வைத்திருக்கும் கயிறு தேய்ந்திருந்தது. அதை மாற்றி, குழாயைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் வரை ஐந்து நாள் நெருப்பில்லாமல் இருந்தோம். மூன்று சுவெட்டர் போட்டுக்கொண்டு, வெந்நீர்ப்பையைக் கட்டிக்கொண்டு.

அந்த ஐந்து நாளில்தான் அம்மா நினைவாகவே இருந்தது.

எங்கள் வீட்டுச் சமையலறை பின்கட்டில், ஒரே ஒரு ஜன்னல். நல்ல நாளில் அம்மா அடுப்பைத் தூக்கி ஐந்தடிக்குக் கொண்டுவந்துவிடுவார். செப்டம்பர், அக்டோபர் மழையில் முடியாது. பின்கதவைச் சாத்தி, சாரல் அடிக்காமல் ஜன்னலுக்குக் கித்தான் கட்டி, உள்ளேயே இரண்டு அடுப்பில் ஆப்பம் சுடுவார். அந்த மாதங்களில்தான் அம்மாவுக்குத் தலைவலி வரும். வாந்தி வரும். "பித்தம்" என்பார். சுக்கு தட்டிக் காப்பி போட்டுக் குடிப்பார். ஆப்பத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே விற்க வந்ததும், "வெளியே வந்தா சரியாப் போயிடுது பாரு, மனுஷங்க முகத்தைப் பார்த்தாலே போதும்," என்று சொல்வார். எனக்கும் அந்த மாதங்களில் பள்ளிக்கூடத்தில் தூக்கம் தூக்கமாக வரும். டீச்சர் அடிப்பார்.

கரியின் தரத்தில் அம்மாவுக்கு அவ்வளவு கண்டிப்பு. "புகையாத கரிதான் நல்ல கரி. கண்ணு எரியாது, பிள்ளைக்கு இருமல் வராது," என்று கரிக்கடை முதலாளியான தவுக்கேயிடம் சண்டை போட்டுக் கூடுதல் காசு கொடுத்து வாங்குவார். எங்கள் நன்மைக்காகத்தான். விறகு எரித்திருந்தால் புகை தாங்காமல் கதவைத் திறந்திருப்போம். புகை இல்லாததால் சாத்திவைத்தோம். அது பித்தமில்லை அம்மா என்று இன்றைக்குச் சொல்லத் தெரிகிறது. அம்மா போய் இருபத்தாறு வருஷமாகிவிட்டது. வேறு நோயில்தான் போனார். ஆனாலும் அந்தப் பின்கட்டில் என் அம்மா எத்தனை விடியற்காலை அந்தத் தலையோடு நின்றிருப்பார் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

நான் திரும்பிவந்த மறுமாதம் பெரிய மகளுக்குக் குழந்தை பிறந்தது. பாயான் பாருவில் பதினாலாவது மாடி. முப்பது நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சாம்பிராணி போடுவது எங்கள் வீட்டிலும் உண்டு, சம்பந்தி வீட்டிலும் உண்டு. சம்பந்தியம்மா தட்டு நிறையக் கனிந்த கரியோடு அறைக்குள் போய், குழந்தைக்கும் தாய்க்கும் காற்றுப் படக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் துணி வைத்தார். அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. போய் ஜன்னலைத் திறந்தேன், துணியை எடுத்தேன். வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது. "நாங்க எல்லாம் இப்படித்தான் வளர்ந்தோம்," என்றார் அவர். "நானும்தான்," என்றேன். பிறகு அவரை உட்காரவைத்து, படகு, அலாரம், அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. சிறுவயதில் எஸ்டேட்டில் அவருடைய சின்னம்மாவும் பிரசவ அறையில் அப்படி மயங்கிக் கிடந்ததை அவர் சொன்னார்.

சாம்பிராணியை நாங்கள் விடவில்லை. கரியைப் பால்கனியில் முழுக்கக் கனியவைத்து, அறை ஜன்னல் திறந்திருக்க, ஒரு சுற்றுக் காட்டிவிட்டு உடனே தட்டை வெளியே கொண்டுபோய்விடுகிறோம். கங்கு சாம்பலாகிற வரை வெளியேதான் இருக்கும். வாசனை கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது என்று சம்பந்தியம்மாவுக்கு வருத்தம். எனக்கும்தான். தொட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் அந்த வெள்ளை அலாரம் ஒன்று இருக்கிறது. சோப்புப்பெட்டி அளவுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன என்று கேட்டால் சம்பந்தியம்மாவே விளக்கம் சொல்கிறார்.

இப்போது அங்கே கோடை, அடுப்புக்கு ஓய்வு. போன ஞாயிறு மருமகன் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார். அந்தப் பெயிண்ட் இறுகுவதற்கு ஒரு தடவை சின்னதாக நெருப்புப் போட வேண்டும், நாற்றம் அடிக்கும். வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினார். அணில் புதுசாகப் பளபளத்தது, கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சுள்ளி எரிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கேமராவைத் திருப்பி, முன்கதவு, பின்கதவு, கீழே அந்தச் சின்னத் துவாரங்கள் என்று வரிசையாகக் காட்டினார்.

"எல்லாம் திறந்திருக்கு, அத்தை," என்றார். "நீங்க பசியாறிட்டீங்களா?"